மேனேஜ்டு ஐடி சேவை: சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகங்களில் பெரும்பாலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய வேலை கணக்கு எழுதுவதாக இருக்கும், இல்லையென்றால் கொள்முதல் பார்ப்பதாக இருக்கும். ஆனால் பிரிண்டர் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வைஃபை போனால் ரவுட்டரை அணைத்துப் போடுவதும் அவர்தான், புதிதாகச் சேர்ந்தவருக்கு மின்னஞ்சல் கணக்கு திறந்துகொடுப்பதும் அவர்தான். அந்தப் பொறுப்பை யாரும் அவருக்கு எழுத்தில் கொடுத்ததில்லை. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் தலையில் விழுந்தது. அவர் இரண்டு வாரம் விடுப்பில் போகும்போதுதான், நிறுவனத்தின் எத்தனை விஷயங்கள் அவர் ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன என்று முதலாளிக்கு உறைக்கும்.

அவரால் முடியாதது வந்தால் வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வருவார், சரிசெய்வார், பில் கொடுப்பார். பழுது வந்தால்தான் அவருக்கு வருமானம். பழுது வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

மேனேஜ்டு ஐடி சேவை இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. மாதாமாதம் ஒரு நிலையான தொகை கொடுக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டர்கள், சர்வர், நெட்வொர்க், மின்னஞ்சல், பேக்கப், பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரு வெளி நிறுவனம் தொலைவிலிருந்தே கண்காணித்துப் பராமரிக்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்ற சிறிய மென்பொருளை நிறுவுவார்கள். ஹார்டு டிஸ்க் நிரம்புகிறதா, அப்டேட் விட்டுப்போயிருக்கிறதா, நேற்றிரவு பேக்கப் ஓடியதா என்பதெல்லாம் அவர்கள் திரையில் தெரியும். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பழுதும் அவர்களுக்குச் செலவு. பழுது குறைந்தால் இரு தரப்புக்கும் லாபம்.

இதற்குள்ளேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. மிக நன்றாக வேலை செய்யும் சேவை நிறுவனமும், பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாத நிறுவனமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டு இடத்திலும் அமைதிதான். வித்தியாசம் சர்வர் விழும் நாளில் தெரியவரும். அன்றைக்குத் தெரிந்து பயனில்லை. அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி, வேலையை வெளியே கொடுத்தாலும் உரிமையை உங்கள் கையில் வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

மூன்று நான்கு பேர் மட்டும், எல்லா வேலையும் கிளவுடில், சொந்த சர்வர் கிடையாது என்றால் முழு சேவை தேவைப்படாது. பேக்கப்பையும் மின்னஞ்சல் பாதுகாப்பையும் மட்டும் யாரிடமாவது ஒப்படைத்தால் போதும். சொந்தமாக ஐடி ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம் என்றால், அவர்களை எடுத்துவிட்டு வெளியே கொடுப்பதைவிட, இரவுநேரக் கண்காணிப்பு, பாதுகாப்பு போன்ற பகுதிகளை மட்டும் வெளியே கொடுத்துப் பகிர்ந்துகொள்வது நல்லது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இதனால் அதிகப் பயன்: முழுநேர ஐடி ஊழியரை வைக்கும் அளவுக்கு வேலை இல்லை, ஆனால் ஒருநாள் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் வியாபாரமும் ஓடாது என்ற நிலையில் இருப்பவர்கள்.

ஒரே ஒரு ஊழியரை வைத்தாலும் அவர் தூங்கவேண்டும், விடுப்பு எடுக்கவேண்டும், நெட்வொர்க் தெரிந்தவருக்குப் பாதுகாப்பும் அதே ஆழத்தில் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வெளி நிறுவனத்தில் ஒரு குழுவே இருக்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம்.

படி 2: உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

யாரிடமும் விலை கேட்பதற்கு முன் செய்யவேண்டியது இது. இதை நீங்களே செய்யுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. சேவை நிறுவனமே வந்து கணக்கெடுக்கும்தான். ஆனால் அவர்கள் கொண்டுவரும் பட்டியல் சரியா என்று பார்க்க உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கவேண்டும். சிஐஎஸ் கண்ட்ரோல்ஸ் என்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பாதுகாப்பு விதித்தொகுப்பில் 18 பகுதிகள் உண்டு. அதில் முதலாவது, என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்ற பட்டியல். இரண்டாவது, என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன என்ற பட்டியல். ஃபயர்வாலும் (வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் யாரும் அத்துமீறி நுழையாமல் தடுக்கும் காவல்) வைரஸ் தடுப்பும் அதற்குப் பிறகுதான். இருப்பதே தெரியாத கம்ப்யூட்டரை எப்படிப் பாதுகாப்பது?

கருவிகளைப் பொறுத்தவரை, எது யாரிடம் இருக்கிறது, எப்போது வாங்கியது, எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று குறித்தால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் பட்டியலில் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிவையுங்கள். சேவை நிறுவனத்திடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.

கணக்குகள்தான் கடினமான பகுதி, முக்கியமான பகுதியும்கூட. உங்கள் டொமைன் பெயர், அதாவது இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் முகவரியாக இருக்கும் பெயர், எங்கே பதிவாகியிருக்கிறது? யாருடைய மின்னஞ்சல் முகவரியில், யாருடைய கார்டில்? இணையதளத்தை வடிவமைத்தவர் தன் பெயரிலேயே டொமைனையும் வாங்கிவைத்துவிட்டு, சில வருடம் கழித்துத் தொடர்பே இல்லாமல் போவது சர்வசாதாரணமாக நடக்கிறது. டொமைன் போனால் இணையதளம் மட்டும் போகாது, நிறுவனத்தின் மொத்த மின்னஞ்சலும் சேர்ந்து போகும். மின்னஞ்சல் சேவையின் அட்மின் கணக்கு, ரவுட்டரின் கடவுச்சொல், கணக்கியல் மென்பொருளின் லைசென்ஸ், ஹோஸ்டிங் கணக்கு, வங்கிப் பரிமாற்றத்துக்குப் பயன்படும் கம்ப்யூட்டர் எது என்பது வரை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் தேடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற மிகப்பெரிய எரிபொருள் குழாய் நிறுவனம் பல நாள் முடங்கியது. தாக்கியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டிலேயே இல்லாத, ஆனால் மூடப்படாமல் விடப்பட்டிருந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் இணைப்பு) கணக்கு வழியாக. கடவுச்சொல் ஒன்று போதுமாயிருந்தது; இரண்டாவது சரிபார்ப்பு அந்தக் கணக்கில் இல்லை.

படி 3: எவ்வளவு நேரம் தாங்குவீர்கள் என்று கணக்கிடுங்கள்

இரண்டு கேள்விகள். சர்வர் இப்போது விழுந்தால், எத்தனை மணி நேரத்தில் மீண்டும் ஓடவேண்டும்? மீண்டும் ஓடும்போது, எத்தனை மணி நேர வேலை அழிந்துபோயிருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள்? முதலாவதை ஐடி துறையில் ஆர்டிஓ என்பார்கள், இரண்டாவதை ஆர்பிஓ என்பார்கள். ராத்திரி ஒருமுறை மட்டும் பேக்கப் எடுக்கிறீர்கள், மாலை ஐந்து மணிக்கு டிஸ்க் போகிறது என்றால், அந்த நாள் முழுக்கப் போட்ட பில்கள் எல்லாம் போச்சு. அது சிலருக்குத் தொந்தரவு, சிலருக்குப் பேரிழப்பு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். சேவை நிறுவனம் ஊகித்தால், தனக்கு எது சுலபமோ அதையே ஊகிக்கும்.

ஒரு மணி நேர முடக்கத்தின் விலையைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஊழியர்களின் ஒரு மணி நேரச் சம்பளம், அந்த நேரத்தில் வரவேண்டிய விற்பனை, தாமதமான ஆர்டருக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் தொகை, பிறகு உட்கார்ந்து திரும்பப் பதிவுசெய்யும் நேரம். இந்த எண் கையில் இருந்தால்தான் மாதக் கட்டணம் அதிகமா குறைவா என்று பேசவே முடியும்.

சேவை எவ்வளவு நேரம் தடையில்லாமல் ஓடும் என்று விளம்பரங்களில் வரும் சதவீதங்களையும் மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். 99 சதவீதம் என்றால் வருடத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் முடங்கியிருக்கலாம். 99.9 என்றால் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் 53 நிமிடத்துக்கும் குறைவு. ஒவ்வொரு ஒன்பதுக்கும் செலவு ஏறும். எல்லாருக்கும் நான்கு ஒன்பது தேவையில்லை.

படி 4: எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

அன்றாட ஹெல்ப்டெஸ்க், கண்காணிப்பு, அப்டேட்கள், பேக்கப், வைரஸ் தடுப்பு, புதிய ஊழியருக்குக் கணக்கு திறப்பது, விலகியவரின் கணக்கை மூடுவது, இணைய இணைப்பு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது ஆகியவை தாராளமாகக் கொடுக்கக்கூடியவை. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போல் தோன்றும். இணைப்புக்காரர் மென்பொருள்காரரைக் கைகாட்ட, மென்பொருள்காரர் இணைப்புக்காரரைக் கைகாட்ட, நடுவில் நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த மணிநேரங்கள் மொத்தமாக உங்களைவிட்டு அகலும் என்பதே எத்தனையோ பேருக்கு இந்தச் சேவையால் கிடைக்கும் முதல் நிம்மதி.

உங்கள் கையைவிட்டுப் போகக்கூடாதவை சில உண்டு. டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் முகவரியில் இருக்கவேண்டும். மின்னஞ்சல், கிளவுட் சேவைகளின் உச்சநிலை அட்மின் கணக்கு ஒன்று உங்களிடம் இருக்கவேண்டும். அதை அன்றாடம் பயன்படுத்தவேண்டாம், கடவுச்சொல்லை உறையிலிட்டுப் பூட்டிவையுங்கள். லைசென்ஸ்கள் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். யாருக்கு எந்தக் கோப்பைப் பார்க்க அனுமதி என்ற முடிவும் உங்களுடையது. சேவை நிறுவனம் அதை நிறைவேற்றும், அவ்வளவுதான்.

கட்டணம் பொதுவாக ஆள் கணக்கில், கருவி கணக்கில், அல்லது மொத்தத் தொகையாக இருக்கும். ஒருவரே லேப்டாப், டேப்லெட், போன் மூன்றும் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு ஆள் கணக்கு நல்லது. ஷிப்ட் மாற்றி ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பேர் உட்காரும் இடத்துக்குக் கருவி கணக்கு நல்லது. மணிநேரங்களை மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கும் முறையும் இருக்கிறது. அதில் பழைய டெக்னீஷியன் கணக்கே திரும்பி வந்துவிடுகிறது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 5: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கே ஒரு நிகழ்வைச் சொல்லியாகவேண்டும். 2021 ஜூலை 2 அன்று, கசேயா என்ற நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்குதல் நடந்தது. விஎஸ்ஏ என்பது சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் கருவி. நேரடியாகப் பாதிக்கப்பட்டவை ஐம்பது அறுபது நிறுவனங்கள்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சேவை நிறுவனங்கள் என்பதால், அவற்றின் வழியாக 1,500 வரையிலான சிறு, நடுத்தர நிறுவனங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. ஸ்வீடனில் கோப் என்ற கடைத்தொடரின் பணப்பெட்டிகள் வேலை செய்யாமல், நூற்றுக்கணக்கான கடைகள் மூடிக்கிடந்தன. அந்தக் கடைத்தொடர் விஎஸ்ஏவை வாங்கியதே இல்லை. அதன் சேவையாளர் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது அவருடைய பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பின் பகுதியாகிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துத்தான் 2022 மே மாதம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள், சேவை நிறுவனங்களுக்கும் அவற்றின் வாடிக்கையாளர்களுக்கும் கூட்டாக ஓர் அறிவுரை வெளியிட்டன.

நேர்காணலில் இவற்றைக் கேளுங்கள். உங்கள் ஊழியர்கள் எங்கள் கம்ப்யூட்டருக்குள் எப்படி நுழைகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கா, எல்லாரும் ஒரே கடவுச்சொல்லா? இரண்டுகட்டச் சரிபார்ப்பு கட்டாயமா? ஒரு வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லையே இன்னொருவருக்கும் வைப்பீர்களா? உங்கள் ஊழியர் விலகினால் எங்கள் கணக்குகளில் என்ன செய்வீர்கள், எத்தனை மணி நேரத்தில்? யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு எங்களுக்குக் கிடைக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிப்பவரை விட்டுவிடுங்கள். நல்ல நிறுவனம் இவற்றுக்கு உற்சாகமாகவே பதில் சொல்லும், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் அபூர்வமாகத்தான் கேட்கிறார்கள்.

இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, வேறொரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மாதாந்திர அறிக்கையின் மாதிரி, பெயர் அழித்தது. இன்னொன்று, உங்கள் அளவிலேயே இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரோடு பேச வாய்ப்பு. பெரிய வாடிக்கையாளர்களின் பெயர்ப்பட்டியல் பயன்படாது. நூறு பேருக்கான சேவையை வழக்கமாகக் கொடுப்பவர் பன்னிரண்டு பேர் அலுவலகத்தின் போனை எத்தனையாவது மணியில் எடுப்பார் என்பதுதான் உங்கள் கவலை.

படி 6: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

எஸ்எல்ஏ என்ற, எவ்வளவு நேரத்தில் என்ன செய்வோம் என்று உறுதிகொடுக்கும் பகுதியில் முதல் பதிலுக்கான நேரமும் தீர்வுக்கான நேரமும் வேறுவேறு. ‘ஒரு மணி நேரத்தில் பதில்’ என்பது, உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று ஒரு மணி நேரத்தில் சொல்வோம் என்பது மட்டும்தான். எந்த வகைப் பழுதுக்கு எவ்வளவு நேரத்தில் தீர்வு அல்லது மாற்று ஏற்பாடு என்பது தனியாக எழுதப்படவேண்டும். மொத்த அலுவலகமும் முடங்குவது, ஒருவர் மட்டும் முடங்குவது, வேலை நடக்கிறது ஆனால் தொந்தரவு இருக்கிறது என்று தரம் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தரத்தை யார் முடிவு செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சண்டை வரும் இடம் அதுதான்.

மணி நேரம் என்பது எந்த மணி நேரம்? வேலைநாள் மாலை ஐந்து மணிக்குக் கொடுத்த புகாருக்கு நான்கு மணி நேரம் என்பது மறுநாள் மதியமாகிவிடலாம்.

மாதக் கட்டணத்துக்குள் வராதவற்றின் பட்டியலை, வருபவற்றின் பட்டியலைவிடக் கவனமாகப் பாருங்கள். நேரில் வருவது, விடுமுறை நாள் வேலை, புது அலுவலகத்துக்கு மாறுவது, சர்வரை மாற்றுவது, தாக்குதலுக்குப் பிறகு மீட்பது ஆகியவை பெரும்பாலும் தனிக் கட்டணம். அது நியாயமாகவும் இருக்கலாம். முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

அவர்கள் பக்கம் பாதுகாப்பு மீறல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதும், நீங்கள் விலகினால் என்னென்னவற்றை எத்தனை நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும் என்பதும் கட்டாயம் இருக்கட்டும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு மேல் போகவேண்டாம்.

படி 7: முதல் மூன்று மாதம்

முதல் வேலை, கடவுச்சொற்களை மாற்றுவதும் இரண்டுகட்டச் சரிபார்ப்பைப் போடுவதும். மின்னஞ்சலில் ஆரம்பிக்கவேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் வழியாகத்தான் மாற்ற முடிகிறது. அடுத்து, அன்றாடப் பயன்பாட்டுக் கணக்குகளிலிருந்து அட்மின் அதிகாரத்தை எடுப்பது. முதலாளியின் லேப்டாப்பையும் சேர்த்துத்தான். இதில் மனவருத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணக்கெழுதுபவரை மறந்துவிடாதீர்கள். தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்தால், அவருக்கு மட்டுமே தெரிந்த நூறு சங்கதிகள் வெளியே வராது. அவரையே உங்கள் பக்கத்துத் தொடர்பாளராக வையுங்கள். அந்தப் பொறுப்பை இந்தமுறை எழுத்தில் கொடுங்கள், அதற்கான நேரத்தையும் கொடுங்கள். ஊழியர்கள் எல்லாருக்கும், இனி பழுது என்றால் எந்த எண்ணைக் கூப்பிடவேண்டும், டிக்கெட் (புகார்ப் பதிவு) எப்படிப் போடவேண்டும் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். சேவை நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு யாராவது போனில் கடவுச்சொல் கேட்டால் கொடுக்கக்கூடாது என்பதை அதே அரைமணியில் சொல்லுங்கள்.

மூன்று மாதம் முடியும்போது, நெட்வொர்க் வரைபடம், கருவிப் பட்டியல், கணக்குப் பட்டியல், பேக்கப் எங்கே எப்படிப் போகிறது என்ற குறிப்பு ஆகியவை ஆவணமாக உங்கள் கையில் வந்திருக்கவேண்டும். இது வரவில்லையென்றால் மற்றது எதுவும் சரியாக நடக்கிறது என்று நம்பாதீர்கள்.

படி 8: பேக்கப்

இந்த ஒரு படிக்கு மட்டும் நீங்களே நேரடியாக நேரம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற, மென்பொருள் உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் பிரபல சேவையில், அசதியாக இரவில் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், பிரதி முறைகள் இருந்தன. ஒன்றுகூட நம்பிப் பயன்படுத்தும் நிலையில் இல்லை. தினமும் ஓடவேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல மின்னஞ்சலும் போயிருக்கிறது, ஆனால் அந்த மின்னஞ்சல்கள் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்ப வரவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களே நடத்தும் நிறுவனம் அது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது, அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முழுவதுமாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். கிளவுடில் இருக்கிறது என்றால் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நினைப்போம். அதுவும் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான்.

ஆகவே 3-2-1 என்ற பழைய விதி இன்றும் செல்லும்: தரவுக்கு மொத்தம் மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில். ரான்சம்வேர் வந்தபிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒரு நகலாவது, அட்மின் கணக்கைத் திருடியவராலும் அழிக்க முடியாததாக இருக்கவேண்டும்; தாக்குபவர்கள் இப்போதெல்லாம் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான்.

மின்னஞ்சலும் கோப்புகளும் ஜிமெயிலிலோ மைக்ரோசாஃப்ட் 365இலோ இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அழித்த மின்னஞ்சல் ஜிமெயிலின் குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 நிறுவனக் கணக்கின் கோப்புச் சேமிப்பான ஒன்டிரைவில் அழித்த கோப்பு 93 நாள் இருக்கும். விலகிப்போன ஊழியர் ஆறு மாதத்துக்கு முன் அழித்தது இன்றைக்குத் தேவைப்பட்டால்? இவற்றுக்கும் தனி பேக்கப் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். போன மாதத்தின் ஒரு விலைப்பட்டியல் போதும். அதை பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வரையும் வேறோர் இடத்தில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘பேக்கப் வெற்றி’ என்று அறிக்கையில் இருக்கும் பச்சை நிறம் இதற்கு ஈடாகாது.

படி 9: அப்டேட்டும் மின்னஞ்சலும்

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. 2017 மார்ச் 14 அன்று வந்த திருத்தங்களில் ஒன்றைப் போட்டிருந்தவர்களை, மே 12 அன்று கிளம்பிய வானக்ரை என்ற ரான்சம்வேரால் அந்த வழியாகத் தொட முடியவில்லை. இடையில் 59 நாள் இருந்தது. இருந்தும் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. உங்கள் சேவை நிறுவனம் முக்கியமான திருத்தத்தை எத்தனை நாளுக்குள் போடுகிறது என்பதை எண்ணாகவே கேளுங்கள்.

உடனே எல்லாவற்றிலும் போடுவதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை விழவைத்தது. முதலில் இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்ல பழக்கம். கண்காணிப்பவர்களின் திறமை இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் நடப்பதில்தான் இருக்கிறது.

மின்னஞ்சலில், உங்கள் டொமைன் பெயரில் வேறு யாரும் அனுப்ப முடியாமல் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் எந்த ஐடி நிறுவனத்தாலும் தனியாகத் தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: வழக்கமான சப்ளையர் பெயரில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வரும் கடிதம். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்பவேண்டும் என்ற விதியை நீங்கள்தான் போடவேண்டும். கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடக்கூடாது.

படி 10: மாத அறிக்கையைப் படிப்பது

இருபது பக்க வரைபடங்களைப் பார்த்து மலைக்கவேண்டாம். சில இடங்களை மட்டும் பாருங்கள். கருவிகளின் எண்ணிக்கை உங்கள் பட்டியலோடு ஒத்துப்போகிறதா? அப்டேட் ஆகாதவை எவை, ஏன்? தோற்ற பேக்கப்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தார்கள்? தோல்வியே இல்லாத அறிக்கை மாதாமாதம் வந்தால் அதைத்தான் சந்தேகிக்கவேண்டும். ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறதா? ஒரே பிரிண்டருக்கு மாதம் ஆறு டிக்கெட் என்றால், ஆறும் குறித்த நேரத்தில் மூடப்பட்டிருந்தாலும் அது தோல்விதான். பிரிண்டரை மாற்றச் சொல்லாமல் ஆறுமுறை சரிசெய்தவர் பழைய டெக்னீஷியன் வழியிலேயே யோசிக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் அல்லது வீடியோவில் உட்காருங்கள். அடுத்த வருடம் எந்தக் கருவிகளை மாற்றவேண்டும், எந்த லைசென்ஸ்களை யாருமே பயன்படுத்தவில்லை என்பதை அவர்கள் சொல்லவேண்டும். பயன்படாத லைசென்ஸைத் தானாக முன்வந்து குறைக்கச் சொல்லும் நிறுவனத்தை நான் மிகவும் மதிப்பேன்.

படி 11: பிரிய நேர்ந்தால்

சண்டை போட்ட பிறகு கடவுச்சொற்களைக் கேட்பது தாமதம். விலகும் எண்ணம் வந்தவுடனேயே, சொல்வதற்கு முன், உங்கள் உச்சநிலை அட்மின் கணக்கு இன்னும் திறக்கிறதா, டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேக்கப்பின் முழு நகலொன்றை உங்கள் சேமிப்பில் இறக்குங்கள். புதிய நிறுவனத்தையும் பழையதையும் இரண்டு மூன்று வாரம் சேர்த்து ஓடவிட்டால் இரட்டைச் செலவுதான், ஆனால் அந்த வாரங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்களைப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

கடைசி நாளன்று பழைய நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் மூடுங்கள், பொதுக் கடவுச்சொற்களை மாற்றுங்கள், ஃபயர்வாலில் அவர்களுக்காகத் திறந்துவைத்த வழிகளை அடைத்துவிடுங்கள். பிறகு படி 2இல் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அவர்களுடைய ஏஜென்ட் மென்பொருள் நீக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப்களையும் சேர்த்து.